கருவாலி: ஓக் மரத்தின் தமிழ்ப் பெயர்

செட்டிநாட்டில் மரம் என்று பேச்செடுத்தால் பர்மாத் தேக்கில்தான் போய் நிற்கும். ஓக் என்ற பெயர் காதில் விழுவது பெரும்பாலும் பர்னிச்சர் கடையில், 'ஓக் கலர் பாலிஷ்' என்று சொல்லும்போதுதான். தமிழில் அதற்குக் கருவாலி என்று பெயர். யாக்கோபு சீகேம் ஊரருகே அந்நிய தெய்வங்களைப் புதைத்த மரம் தமிழ் விவிலியத்தில் 'கர்வாலி' என்றே வருகிறது. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'ஆக்'. தாவரவியல் பெயரான குவெர்கஸ் லத்தீன்.

இது ஒற்றை மரத்தின் பெயர் அல்ல. ஆல், அரசு, அத்தி, இத்தி எல்லாம் ஒரே பேரினம். கருவாலியும் அப்படி 400க்கு மேற்பட்ட இனங்கள் கொண்டது. ஆல் வகைகள் நம் வாசலில் நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தோம். கருவாலி தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளர்வதில்லை. இமயமலைக்கோ வடகிழக்கு மலைகளுக்கோ போனால்தான் பார்க்கலாம். (வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், இந்தக் குடும்பமே இல்லை.)

வட அமெரிக்காவின் கிழக்கே சின்னக் காட்டில்கூட நாலைந்து வகை கருவாலி கலந்து நிற்கும். இலை மடல் நுனி உருண்டிருந்தால் வெள்ளை வகை, முள்போல் நீண்டிருந்தால் சிவப்பு வகை. வெள்ளையின் கொட்டை அதே ஆண்டில் முற்றிவிடும். சிவப்புக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. ஒரே வகைக்குள் இனங்கள் கலந்து, எதிலும் சேராத இலைகளும் முளைக்கும். வெண்கருவாலி, செங்கருவாலி என்று எழுதினாலே படிப்பவருக்குப் புரியும்.

இத்தனைக்கும் கருவாலியின் சரக்கு ஒன்று காரைக்குடி நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். மாசிக்காய்தான் அது. அப்பத்தாக்கள் பிள்ளைக்கு உரை மருந்து கொடுக்கும்போது வசம்பு, ஜாதிக்காயோடு உரைகல்லில் இழைக்கும் அதே மாசிக்காய். மாசி மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாரசீகத்தில் மாஸூ, இந்தியில் மாஜுபல்.

பெயரில் காய் இருந்தாலும் அது காய் அல்ல. துருக்கி, ஈரான் பக்கத்துக் கருவாலியின் இளங்கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிடும். புழுவைச் சுற்றி மரத்தின் திசு வீங்கி, மொட்டு மொட்டாகப் புடைத்த உருண்டையாக இறுகும். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஊசித் துளை இருக்கும், குளவி வெளியேறிய வழி. துளை விழாததில் துவர்ப்புச் சத்து கூடுதல் என்பதால் அதற்குத்தான் மதிப்பு. அந்தத் துவர்ப்பை இரும்பு உப்போடு சேர்த்துத்தான் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதும் மை காய்ச்சினார்கள்.

மரத்தின் உண்மையான விதை வேறு. கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதைக் கருவாலிக் கொட்டை என்று எழுதலாம், மாசிக்காய் என்று மட்டும் எழுதக் கூடாது.