டேப்பே இல்லாத கேசட் எப்படிப் பாடுகிறது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா வாங்கின குவாலிஸ் இன்னும் நல்லா ஓடுதுங்க. கம்பெனியிலேயே மாட்டி வந்த கேசட் ஸ்டீரியோவும் சரியாத்தான் இருக்கு. வீட்டுலதான் கேசட் இல்லை. கடையில் கேட்டால் கழட்டிப் போட்டுட்டு டச் ஸ்கிரீன் மாட்டச் சொல்றாங்க. செட்டைக் கழட்டாம போன்ல இருக்குற பாட்டைக் கேட்க வழி இருக்குதுங்களா?"

தாராளமாக இருக்கிறது. அந்தப் பழைய செட்டைக் கழட்டவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

எளிதில் கிடைப்பது எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். லைட்டர் துளையில் செருகினால், போனிலிருந்து புளூடூத் வழியாக வரும் பாட்டை ஒரு குட்டி வானொலி நிலையம் போல ஒலிபரப்பும். அதற்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் காலியான இடம் வேண்டும். கோவையில் 91.1, 93.5, 98.3, 103, 106.4 என்று ஏற்கெனவே ஆள் இருக்கிறது. உடுமலைப் பக்கம் போனால் கொடைக்கானல் வானொலியின் 100.5 மலைமேலிருந்து பலமாக இறங்கும். எஃப்எம் ரிசீவர் இரண்டு அலைகளில் வலுவானதையே பிடித்துக்கொள்ளும் என்பதால், ஊருக்கு ஊர் நிலையம் மாற்றிக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது வழி, செட்டைத் திறந்து வால்யூம் குமிழுக்கு முன்னால் ஒரு ஆக்ஸ் ஒயரை, அதாவது போனின் ஒலியை நேரே செட்டுக்குள் கொண்டுவரும் ஒயரை, பற்றவைப்பது. ஒலி நன்றாக வரும், ஆனால் விவரம் தெரிந்த கை வேண்டும்.

மூன்றாவது, கேசட் அடாப்டர். கேசட் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு. அதன் ஓரத்திலிருந்து ஒரு ஒயர் வந்து போனில் சேரும். உள்ளே டேப் கிடையாது. இருந்தும் பாடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கருவிகளில் இது ஒன்று.

முதலில் சாதாரண கேசட்டைப் பார்ப்போம். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இந்தக் கேசட்டில், இரும்பு ஆக்சைடு பூசிய நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. பாட்டு அதில் காந்தத்தின் ஏற்ற இறக்கமாகப் பதிந்திருக்கிறது. நாடா உரசிப் போகும் இடத்தில் இருக்கும் ஹெட் என்பது, காந்த உலோகத்தால் ஆன ஒரு வளையமும் அதன்மேல் சுற்றிய காயிலும்தான். வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளி இருக்கும். நாடாவின் காந்தப்புலம் அந்த இடைவெளி வழியாக வளையத்துக்குள் புகுந்து ஏறி இறங்க, காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல், பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட் கூட இருக்காது. மிச்சத்தை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்கிறது.

சரி, ஹெட்டுக்குத் தெரிவதெல்லாம் 'காந்தப்புலம் மாறுகிறது' என்பது மட்டுமே. மாற்றுவது நாடாவா வேறொன்றா என்று அதற்குத் தெரியாது. அதனால் அடாப்டரில் நாடா வரவேண்டிய இடத்தில் இன்னொரு சின்ன ஹெட்டை வைத்துவிடுகிறார்கள். போனிலிருந்து வரும் மின்னோட்டம் அதன் காயிலில் பாய்ந்து காந்தப்புலமாகிறது. எதிரே செட்டின் ஹெட் முகத்தோடு முகம் ஒட்டி நின்று, அதை மறுபடி மின்சாரமாக்கிக்கொள்கிறது. ஒரு ஒயர் கூட மற்றொன்றைத் தொடவில்லை.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. தூண்டலில் பிறக்கும் மின்னழுத்தம் காந்தப்புலத்தின் அளவைப் பொறுத்ததல்ல, அது மாறும் வேகத்தைப் பொறுத்தது. ஒரே வலுவில் பதிந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியையும் 1000 ஹெர்ட்ஸ் ஒலியையும் எடுத்துக்கொண்டால், இரண்டாவது பத்து மடங்கு வேகமாக மாறுகிறது. ஆகவே ஹெட்டில் அது பத்து மடங்கு பலமாக வரும். அப்படியே விட்டால் பாட்டில் தவில் அமுங்கி ஜால்ரா மட்டும் காதைக் கிழிக்கும். இதைச் சமன்செய்ய, சுருதி ஏற ஏறப் பலத்தைக் குறைக்கும் ஒரு சுற்றை எல்லா கேசட் செட்டிலும் வைத்திருக்கிறார்கள். அடாப்டரின் காந்தப்புலத்தையும் செட்டின் ஹெட் அதே தூண்டல் விதிப்படிதான் மின்சாரமாக்குகிறது என்பதால், நாடாவுக்காகச் செய்த திருத்தம் இதற்கும் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. மேல் சுருதியில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் ட்ரெபிள் குமிழில் சரிசெய்துகொள்ளலாம். நாடா இல்லாததால் அதன் 'உஸ்' இரைச்சலும் இல்லை, வேகம் தடுமாறிப் பாட்டு இழுபடுவதும் இல்லை.

இதே தூண்டல்தான் நம் கிணற்று மோட்டாரையும் சுற்றுகிறது. அதன் ரோட்டருக்கு, அதாவது உள்ளே சுற்றும் பகுதிக்கு, எந்த ஒயரும் போவதில்லை. சுற்றிலும் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் மாறும் காந்தப்புலமே அதற்குள் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் உருவாக்கியது. இன்றும் பல்லடத்திலும் பெருந்துறையிலும் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகள் தூண்டலை வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பள்ளி ஆய்வகத்துக்கு ஒரு காயில், ஒரு காந்தம், ஒரு பழைய கேசட் ஹெட் வாங்கப் பெரிய நிதி ஒன்றும் வேண்டாம். ஒதுக்குகிற பணத்தில் இதற்கும் கொஞ்சம் வர வேண்டும்.

அது இல்லாததால்தான், பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்கிறவர்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கிறது. பெட்ரோலில் காந்தம் பிடித்து ஒழுங்குபடுத்த ஒன்றுமே இல்லை. அந்தப் பணத்துக்கு டயரில் காற்றுச் சரிபார்த்து, ஏர் ஃபில்டரை மாற்றுங்கள்.

வாசகருக்கு இன்னும் சில விஷயங்கள். ஆக்ஸ் ஒயர் பற்றவைத்தவர்கள், போனை வண்டியிலேயே சார்ஜ் போட்டால் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் வருவதாகவும் ஆக்சிலேட்டரை மிதித்தால் அது ஏறுவதாகவும் சொல்வார்கள். வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் அலைவு, சார்ஜர் எர்த்துக்கும் செட்டின் எர்த்துக்கும் இடையே உள்ள சின்ன வித்தியாசம் வழியாக ஒலியில் கலப்பதுதான் காரணம். நடுவே கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போட்டால் நிற்கும். அதற்குள்ளே இருப்பதும் எதிரெதிர் காயில்கள்தான். கேசட் அடாப்டரில் காந்தம் மட்டுமே தாண்டுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் புளூடூத் கேசட் அடாப்டர் கிடைக்கிறது. செட்டில் டால்பி பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நாடாவின் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மேல் சுருதிகளை அமுக்கிவிடும். கேசட்டைத் திருப்பிப் போடாமலே மறுபக்கம் பாடும் ஆட்டோ ரிவர்ஸ் செட்டில் பாட்டு திடீரென்று நின்றால் திசை மாற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அடாப்டரைச் செருகியதும் வெளியே தள்ளினால், பெரும்பாலும் செட்டின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். சக்கரம் சுற்றாததால் நாடா முடிந்துவிட்டது என்று செட் நினைத்துக்கொள்கிறது. பழைய ரேடியோ ரிப்பேர் கடையில் பெல்ட் மாற்றித் தருவார்கள். அப்படியே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட்டையும் துடைத்துத் தரச் சொல்லுங்கள்.