108 வரும்வரை வீட்டில் யார் நெஞ்சை அழுத்துவது?

2025 ஜூலையில் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்து மாரடைப்புச் சாவுகள் அடுத்தடுத்துச் செய்தியானபோது, பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் கூட்டம் அலைமோதியது. நெஞ்சுவலியே இல்லாதவர்கள்கூட ஈசிஜி எடுக்க வரிசையில் நின்றார்கள். நான் வேலை பார்க்கும் கேசுவால்டியிலும் அதே கதைதான். சுகர், பிரஷர், சிகரெட் இருப்பவர்கள் சோதித்துக்கொள்வது நல்லதே. ஆனால் இன்றைய ஈசிஜி நன்றாக இருந்தால் நாளைக்கும் பயமில்லை என்று அர்த்தமில்லை. அந்த வரிசையில் நின்ற நேரத்தில் பாதியை, இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் சிபிஆர் முறையைப் பயிற்சிப் பொம்மையில் பழகச் செலவிட்டிருந்தால், வீட்டில் இன்னொருவருக்காவது உதவியிருக்கும்.

மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு, வலியோடு, நம்மிடம் பேசிக்கொண்டே இருப்பார். இதயம் நின்றால் அப்படியே சரிந்துவிடுவார். கூப்பிட்டால் பதில் வராது. முதலாவது எந்த நொடியிலும் இரண்டாவதாக மாறலாம் என்பதால்தான் இத்தனை அவசரம்.

மாரடைப்பில் நேரம் வீணாவது பெரும்பாலும் வீட்டில்தான். பெங்களூரில் அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும் நடப்பது ஒன்றுதான்: "வாயு குத்துது" என்று முதலில் சோடா, பிறகு ஓமத் தண்ணீர், அப்புறம் தெருமுனை கிளினிக்கில் ஒரு கேஸ் ஊசி, கடைசியாக "விடியட்டும், பார்க்கலாம்". ஒருவர் ஸ்கூட்டரைத் தானே ஓட்டி வந்து, பார்க்கிங் சீட்டு வாங்கி, டோக்கன் எடுத்து, தன் முறைக்காக நாற்காலியில் காத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டுமளவு வேர்வை. அதைப் பார்த்த நர்ஸ்தான் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஈசிஜி பெரிய அடைப்பைக் காட்டியது. நடு நெஞ்சில் பாரம், வேர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் அது வாயுவா இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே தெரியாமல் மூச்சு வாங்கலும் வாந்தியும் அசதியும் மட்டும் வரலாம். மாடிப்படி இறங்க விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். இரவிலும் ஈசிஜி எடுத்துச் சிகிச்சையைத் தொடங்கும் இடத்துக்கே நேராகப் போங்கள்.

நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் இறந்தது இந்த ஊரையே உலுக்கியது. அவர் பெயரில் கர்நாடக அரசு நடத்தும் ஹிருதய ஜோதி திட்டத்தில், தாலுகா மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜியைப் பெரிய மருத்துவமனை நிபுணர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஓசூர் ரோட்டில் ஆனேக்கல் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அரசு ஆஸ்பத்திரி என்று தாண்டிப் போய் நகர நெரிசலில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

இதயம் நின்றுவிட்டால் கதையே வேறு. யாரும் நெஞ்சை அழுத்தாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டி 108 வரும்வரை கையில் இருப்பது வீட்டு ஆட்கள்தான். டென்மார்க்கில் 2005 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு முதல் ஓட்டுநர் உரிமம் கேட்பவர்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே 2001இல் இதயம் நின்றவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். 2010இல் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. முப்பது நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். பயிற்சி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், சிகிச்சையும் முன்னேறியது. ஆனால் அழுத்த ஆளில்லாமல் அந்தச் சிகிச்சைக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

இங்கே பயிற்சி நடப்பது பெரும்பாலும் ஐடி பார்க்குகளில், ஆங்கிலத்தில், சான்றிதழும் குரூப் போட்டோவுமாக. கணக்கு வைத்திருக்கும் நாடுகளில் பத்துக்கு ஏழு பேருக்கு இதயம் நிற்பது வீட்டில். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது மனைவி, மருமகள், பத்தாவது படிக்கும் பையன். அதனால் நாங்கள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் போகிறோம். தமிழில் சொல்கிறோம், வேண்டியவர்களுக்குக் கன்னடத்திலும்.

அங்கே முதலில் வரும் கேள்வி: "மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கே டாக்டர், உயிர் இருக்குதானே?" விட்டு விட்டு, கொர் கொர் என்று இழுப்பது மூச்சு இல்லை, நின்றுபோன இதயத்தின் அறிகுறி. இதை நம்பித்தான் தண்ணீர் தெளிப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும், கையில் சாவி கொடுப்பதும். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் உடனே கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குங்கள். 108ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல், 5 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழும்ப வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். ஸ்ரீராமபுரத்தில் தப்பு மேளம் அடிக்கும் பையன்கள் வகுப்புக்கு வந்தார்கள். வேகம் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, ஆழம்தான் போதவில்லை. "எலும்பு உடைஞ்சிட்டா?" உடையலாம், ஒட்டிக்கொள்ளும். (குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சும் கொடுக்க வேண்டும், அதற்குத் தனி வகுப்பு.)

இன்னொன்று யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு அம்மா மெல்லக் கேட்டார்: "பொம்பளைங்க நெஞ்சுல ஆம்பளைங்க கை வைக்கலாமா சார்?" வைக்க வேண்டும், தாமதிக்காமல். இதை மாமியார்களுக்கு முன்னால் சொல்லிவிடுவது நல்லது என்று இப்போது வகுப்பின் நடுவிலேயே சொல்கிறோம்.

ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் மெயின் ரோட்டு முனைக்குப் போய் நிற்கட்டும். நான்காவது கிராஸ், நான்காவது கிராஸ் 'ஏ', அதற்கும் பின்னால் ஒரு சந்து என்று இருக்கும் ஊரில் ஆம்புலன்ஸ் டிரைவர் வீட்டைத் தேடியே நிமிடங்கள் போய்விடும். லிப்டைக் கீழே நிறுத்தி வைக்கச் செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள்.

உங்கள் அபார்ட்மென்டில் மின் அதிர்ச்சி தரும் ஏஇடி கருவி இருந்தால் மகிழ்ச்சி. அது தானே பேசி வழிகாட்டும், படிக்காதவரும் இயக்கலாம். நான் பார்த்த ஒன்று மேனேஜர் அறையில், பூட்டிய பீரோவுக்குள், பிரிக்காத அட்டைப் பெட்டியோடு இருந்தது. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒட்டும் பேடுகளின் காலாவதித் தேதி என்ன, பேட்டரியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி யாரிடம்?