அத்தியாவசியம்: எது இன்றி எது அமையாது?

கொரோனா பெருந்தொற்றை ஒட்டி 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடப்புக்கு வந்தபோது, எந்தக் கடை திறந்திருக்கலாம், எந்தக் கடை சாத்தப்பட வேண்டும் என்பதை ஒரே ஒரு சொல் தீர்மானித்தது: அத்தியாவசியம். அதுவரை ரேஷன் கடை அறிவிப்புகளிலும் சட்டங்களின் பெயர்களிலும் பெரிதும் புழங்கிவந்த இச்சொல், அடுத்த சில மாதங்களில் தேநீர்க் கடைக்காரர், முடிதிருத்துநர், அமைச்சர், நீதிபதி என அனைவர் வாயிலும் புகுந்து புறப்பட்டது. கடைகளை மீண்டும் திறப்பது குறித்து அன்று நடந்த வாதங்களில் பெரும்பகுதி, இச்சொல்லுக்கு யார் என்ன பொருள் கொண்டார் என்பதில்தான் வந்து நின்றது.

அத்தியாவசியம் வடசொல். ‘வசம்’ நம் பேச்சிலும் உண்டு. சாவி யார் வசம் இருக்கிறது என்று கேட்கிறோம். அதனோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து வருவது ‘அவச்யம்’, அதாவது நம் விருப்பத்துக்கு வசப்படாதது, தவிர்க்க இயலாதது. தமிழில் அது அவசியம் ஆயிற்று. அதன் வழிவந்த ‘ஆவச்யகம்’ என்னும் வடிவத்தின் முன் மிகுதியைக் குறிக்கும் ‘அதி’ சேர, அத்தியாவசியம் பிறந்தது. கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிற ஒவ்வொருவரும் ‘அவசியம் வந்துவிடுங்கள்’ என்று சொல்லிச் சொல்லி அவசியம் மெலிந்துபோனதால், அரசுக்கு ஓர் ‘அதி’ தேவைப்பட்டது போலும்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘எசென்ஷியல்’ வேறு வழியாக வந்தது. இருத்தல் என்னும் பொருளுடைய ‘எஸ்ஸெ’ என்ற இலத்தீன் வினையிலிருந்து, கிரேக்க மெய்யியலாரின் ‘ஊசியா’ என்ற கலைச்சொல்லுக்கு ஈடாக, ‘எசென்ஷியா’ என்றொரு சொல்லை உரோமானியர் ஆக்கிக்கொண்டனர். ஒரு பொருளை அப்பொருளாகவே இருக்கச் செய்வது எதுவோ அதுவே அதன் எசென்ஷியா. கட்டாயம் வேண்டியது என்ற பொருள் அதிலிருந்து பின்னர் கிளைத்தது. வடசொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: யாருக்கு வேண்டியது, எதற்கு வேண்டியது என்பதைச் சொல்லாமலேயே ஒரு பொருளின் மீது இவற்றை முத்திரைபோலக் குத்திவிட முடியும்.

இவற்றுக்கு நேரான தமிழ்ச் சொல் இன்றியமையாமை. பள்ளிப் பாடநூல்களில் எல்லோரும் கடந்து வந்த சொல்தான். ஆயினும் அதன் கட்டுமானத்தை நின்று பார்ப்பவர் குறைவு. ‘இன்றி’ என்பது குறிப்பு வினையெச்சம். ‘அமையாத’ என்பது, பொருந்துதல், போதுமாதல், நிலைபெறுதல் ஆகிய பொருள்களைத் தரும் அமைதல் என்னும் வினையின் எதிர்மறைப் பெயரெச்சம். ஆகவே, ஒன்றை இன்றியமையாதது என்று சொல்லும்போது, ‘அது இல்லாமல் இது நிலைகொள்ளாது’ என்று ஒரு முழு வாக்கியத்தையே சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். அவ்வாக்கியத்தில் ‘அது’ இருந்தால் ‘இது’வும் இருந்தாக வேண்டும். ‘நீரின்றி அமையாது உலகெனின்’ என்று 20ஆம் குறளில் வள்ளுவர் தொடங்கும்போது நீரும் உலகும் அருகருகே நிற்கின்றன. ‘அன்பறிவு ஆராய்ந்த சொல்வன்மை தூதுரைப்பார்க்கு இன்றி யமையாத மூன்று’ என்னும் 682ஆம் குறளில், யாருக்கு என்பதை நான்காம் வேற்றுமை உருபு கொண்டு கட்டியே வைத்துவிடுகிறார்.

‘எது இன்றி எது அமையாது, யாருக்கு?’ என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு 2020இன் பட்டியல்களைப் படித்தால் பல குழப்பங்கள் தெளிகின்றன. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் 2020 மார்ச் 13 அன்று முகக்கவசமும் கைச்சுத்திகரிப்பானும் அத்தியாவசியம் என அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பு ஜூன் இறுதியோடு முடிந்தது. ஜூன் தொடக்கத்தில் வந்த அவசரச் சட்டமோ தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, சமையல் எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை, போர், பஞ்சம் போன்ற அசாதாரணச் சூழல் தவிர்த்து, அச்சட்டத்தின் பிடியிலிருந்து தளர்த்தியது. வெங்காயம் இல்லாமல் சாம்பார் அமையாது என்பதில் இல்லத்தரசிகளுக்கு ஐயம் ஏதும் எழவில்லை. அரசு அங்கே பேசியது வேறொரு ‘இது’வைப் பற்றி: விலையையும் இருப்பையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் பற்றி.

காலமும் பட்டியலை மாற்றியது. ஊரடங்கின் முதல் ஆணையில் மளிகை, காய்கறி, பால், இறைச்சி, மருந்து, வங்கி, பெட்ரோல் நிலையம், சமையல் எரிவாயு ஆகியவை இடம்பெற்றன. மூன்று வாரம் என்று எண்ணியிருந்தால் அது போதும். ஊரடங்கு மே 3 வரை நீண்டு, சித்திரை வெயிலும் ஏறத் தொடங்கியபோது, மின்விசிறி விற்கும் கடைகளையும் மாணவர்களுக்கான பாடநூல் கடைகளையும் திறக்கலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 21 அன்று தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. இணைய வணிக நிறுவனங்கள் ஏப்ரல் 20 முதல் கைப்பேசி, தொலைக்காட்சி போன்றவற்றையும் விற்கலாம் என்றிருந்த நிலை, அந்த நாள் வருவதற்கு முந்தைய நாளே திரும்பப் பெறப்பட்டது. தெருமுனைக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வீட்டிலிருக்கையில் அதே சரக்கைப் பெருநிறுவனம் வீடுதேடிக் கொண்டுபோய்க் கொடுப்பதா என்ற வணிகர்களின் முறையீட்டில் நியாயம் இருந்தது.

தமிழ்நாட்டில் வாதம் உச்சத்தைத் தொட்டது டாஸ்மாக் கடைகளால். தேநீர்க் கடைகள் மூடிக்கிடந்த நிலையில், மே 7 அன்று சென்னை நீங்கலாகப் பிற இடங்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது. விதித்த நிபந்தனைகள் மீறப்பட்டன என்று கூறி மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூட ஆணையிட்டது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதிக்க, மே 16 அன்று கடைகள் மறுபடியும் திறந்தன. ‘சாராயம் அத்தியாவசியமா?’ என்று கேட்டவர்களுக்கு நேரான விடை கிடைக்கவில்லை. இன்றியமையாமை என்று கேட்டிருந்தால் விடை எளிது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டித் தரும் விற்பனை இன்றி அமையாதது மாநிலக் கருவூலம். அண்டை மாநிலங்கள் கடைகளைத் திறந்துவிட்டதால் மக்கள் எல்லை தாண்டுகின்றனர் என்பதும் காரணமாகக் கூறப்பட்டது. ஆனால், கருவூலத்தின் தேவையைக் குடிமக்களின் தேவைபோலக் காட்ட அத்தியாவசியம் என்ற சொல் இடம் கொடுத்துவிடுகிறது என்பதே என் குறை.

முடிதிருத்தகங்களின் நிலை இதற்கு மறுதலை. மே 11 முதல் 34 வகைக் கடைகளுக்கு அனுமதி வழங்கிய தமிழ்நாடு அரசின் பட்டியலில் அவை இல்லை. ஊர்ப்புறங்களில் மே 19 முதலும், சென்னை தவிர்ந்த பிற பகுதிகளில் மே 24 முதலும், சென்னையில் ஜூன் முதலும்தான் அவற்றுக்கு வழி பிறந்தது. தலைமுடி இரண்டு மாதம் வளர்ந்தால் வாடிக்கையாளருக்கு ஒன்றும் ஆகிவிடாது. கண்ணாடி முன் கத்தரியோடு மனைவியோ அண்ணனோ நின்று சமாளித்துவிட்டார்கள். அன்றாடம் கைக்கு வரும் காசில் வீட்டு வாடகையும் கடை வாடகையும் கட்டிவந்தவருக்கோ, அந்த ஒற்றை நாற்காலி இன்றி எதுவும் அமையாது. வாங்குவோருக்கு இன்றியும் அமைவது, விற்போருக்கு இன்றியமையாதது. ஊரடங்குக் காலப் பட்டியல்கள் பெரிதும் வாங்குவோர் பக்கம் நின்றே எழுதப்பட்டன என்பதை இத்தொழிலாளர்களின் கோரிக்கைகள் வெளிச்சமாக்கின.

இன்றியமையாதது என்ற காரணத்தாலேயே ஓரிடம் பாதுகாப்பானதாகிவிடாது என்பதைக் கோயம்பேடு காட்டியது. காய்கறி அத்தியாவசியம் என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லாததால் சந்தை இயங்கிக்கொண்டே இருந்தது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் 25ஆம் தேதி அங்கே பெருங்கூட்டம் திரண்டது. பிறகு சந்தையே தொற்றின் பெரும் மையமாகிவிட, மே 5 அன்று மூடப்பட்டு, வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ‘இன்றி அமையாச் சிறப்பின ஆயினும் குன்ற வருப விடல்’ என்னும் 961ஆம் குறள் மானத்தைப் பற்றியது. குடிப்பெருமை குன்றுமென்றால், தாம் வாழ்வதற்கே வேண்டியவற்றையும் விட்டுவிடச் சொல்கிறது. பேசுபொருள் வேறு என்றாலும், தேவை ஒன்று, தீங்கு மற்றொன்று, இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ‘ஆயினும்’ என்ற சொல்லில் இருக்கிறது.

பிற நாடுகளும் இதே இடத்தில் இடறின. வேல்ஸில் 2020 அக்டோபர் 23 அன்று தொடங்கிய 17 நாள் முடக்கத்தில், பேரங்காடிகள் இன்றியமையாதவற்றை மட்டுமே விற்கலாம் என்று விதித்ததால், துணிமணியும் படுக்கை விரிப்பும் இருந்த அடுக்குகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். பிரான்சு அதே ஆண்டு இறுதியில் புத்தகக் கடைகளை மூடிவிட்டு, 2021 பிப்ரவரியில் அவற்றையும் இன்றியமையாதவற்றின் வரிசையில் சேர்த்தது.

பொருளோடு சேரும்போது அனுமதியாக இருக்கும் இச்சொல், ஆளோடு சேர்ந்தால் கட்டளையாகிவிடும். அத்தியாவசியப் பொருளை விற்கலாம். அத்தியாவசியப் பணியாளர் வந்தே தீர வேண்டும். 2003ஆம் ஆண்டு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் டெஸ்மா எனப்படும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. பேருந்து ஓடாத நாள்களிலும் குப்பை அள்ள வந்த தூய்மைப் பணியாளர்களும், இரவுப் பணிக்கு வந்த செவிலியர்களும் அச்சொல்லின் இந்தப் பக்கத்தைத்தான் கண்டார்கள்.

தமிழ்ச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. அத்தியாவசியமற்ற கடைகள் என்பதற்கு ‘இன்றியமையாதன அல்லாத கடைகள்’ என்று எழுதினால் இரட்டை எதிர்மறையில் நாக்கு சிக்கிக்கொள்கிறது. ‘இன்றியும் அமையும்’ என்பது இலக்கணப்படி சரி என்றாலும் ஆணைகளில் ஒட்டாது. அதற்குத் ‘தள்ளிவைக்கத்தக்க’ என்பதை நான் பரிந்துரைப்பேன். இப்போதைக்கு இல்லாமல் ஓட்டலாம், ஆனால் என்றைக்குமே வேண்டாம் என்றில்லை என்ற பொருளை அது சரியாகத் தருகிறது, கடைக்காரரையும் இழிவுபடுத்தாது. சட்டங்களின் பெயர் மாறும்வரை அங்கே அத்தியாவசியம் என்றே எழுதலாம். புதிதாக எழுதும் ஆணைகளிலும் செய்திகளிலும் ‘இன்றியமையாத’ என்று எழுதுவோர், அதற்கு முன்னால் ‘இன்னாருக்கு’ என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.