ஏறுவதற்கு மூச்சு, இறங்குவதற்கு முட்டி

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து நண்பர்களோடு மலைநடை போய் வந்தவர்கள் இயன்முறை மருத்துவரிடம் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏறும்போது ஒண்ணும் தெரியல சார், இறங்கும்போதுதான் முட்டி போயிடுச்சு." சொல்பவர் தினமும் சில்வர் பீச்சிலோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலோ ஐந்து கிலோமீட்டர் நடப்பவராகத்தான் இருப்பார். ஒரே நாளில் இரண்டு கணவாய்களைக் கடப்பதென்றால் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அந்த இறக்கங்களுக்குச் சமதள நடை ஏறக்குறைய எந்தப் பயிற்சியும் தருவதில்லை.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கி, உடலுக்குப் பிரேக் பிடிக்கிறது. நீளும்போது பாரம் சுமக்கிற தசையிழைகளில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் விழும். வலி மறுநாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஆனால் தசையின் வலு நடந்துகொண்டிருக்கும்போதே குறைந்துவிடும். வலி இல்லையே என்று ஆள் வேகமாக இறங்குவார், பிரேக் தேய்ந்திருக்கும். அதனால்தான் இரண்டாவது இறக்கத்தில் முழங்கால் அடி வாங்குகிறது, கணுக்கால் பிசகுகிறது.

இதற்குத் தீர்வு உண்டு, செலவும் இல்லை. ஒருமுறை இறக்கத்தில் உழைத்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதமடையும். ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். திருவந்திபுரம் ஔஷதகிரிப் படிகள் போதும். மயிலம் மலையும் நல்லதுதான். அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்கலாம். (எல்லாரும் செய்வதற்கு நேர் எதிர்.) வீட்டில் என்றால், சுமார் 20 சென்டிமீட்டர் உயரப் படியில் ஒரு காலில் நின்று, மறு குதிகால் தரையை மெல்லத் தொடும்வரை மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். காலுக்குப் பத்து முறை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். முட்டி உள்பக்கமாகச் சாயக் கூடாது; கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது, அன்றைக்குச் சுமக்கப்போகும் அதே பையோடு செஞ்சி ராஜகிரிக்கு ஒருமுறை ஏறி இறங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் கடும் பயிற்சி வேண்டாம்.

ஷூ விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு கெடுதல் இருக்கிறது. கடற்கரை ஈரக் காற்றில் நாலைந்து வருடம் பரணில் கிடந்த மலைநடை ஷூ, பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். அடித்தட்டுக்கு மேலே இருக்கும் பாலியூரித்தேன் மெத்தை மட்டும் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்திருக்கும். கட்டைவிரல் நகத்தால் அந்த மெத்தையின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் மீளாமல் நின்றாலோ மாவாக உதிர்ந்தாலோ அந்த ஷூ மலைக்கு உதவாது. நடுவழியில் அடித்தட்டு மொத்தமாகக் கழன்று வரும். புதிது வாங்குவதானால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், போடப்போகும் காலுறையோடு போய் வாங்குங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டாவிட்டால் பாதம் முன்னே வழுக்கி, பெருவிரல் நகம் கறுத்துப்போகும்.

நேரக் கணக்கில்தான் நண்பர் குழுக்கள் ஏமாறுகின்றன. 1892-இல் ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 18 கிலோமீட்டர் தூரம், மொத்தம் 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சாப்பாடு, செல்ஃபி, செங்குத்து இறக்கம் எல்லாம் சேர்த்துப் பாதி கூட்டுங்கள். எட்டரை மணி நேரம் ஆகும். காலை ஆறுக்குக் கிளம்ப வேண்டிய வழியில் பத்தரைக்குக் கிளம்பினால், இறக்கத்தின் கடைசிப் பகுதி இருட்டில்தான்.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை வனத்துறையிடம் கேட்டுவிட்டே தேதி குறியுங்கள். காட்டுத் தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். பின்னால் விட்டால், வேகக்காரர்கள் மேலே காத்திருந்து இளைப்பாறுவார்கள், அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் "கிளம்பலாமா மச்சான்?" என்பார்கள். அன்று முழுக்க ஓய்வே கிடைக்காதவர் அவர் ஒருவர்தான். இரண்டு கணவாய்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். யாருக்காவது இறங்கும்போது முட்டியின் வெளிப்பக்கம் குத்தினால், அல்லது குறித்த நேரம் தாண்டியிருந்தால், இரண்டாவது கணவாய் வேண்டாம். பக்கத்துச் சாலைக்கு இறங்கிவிடுங்கள்.

தண்ணீர் மணிக்குச் சுமார் அரை லிட்டர், தாகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். கூடவே மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை, புளிசாதம், உப்பு முந்திரி என்று ஏதாவது அடிக்கடி வாயில் போடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஏறுவது இளைஞர்களிடம் இப்போது வழக்கமாகிவருகிறது. உடலில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். எச்சரிக்கும் வலியையும் மறைத்துவிடும்.

கணுக்கால் பிசகினால் முதலில் நாலு அடி வைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டாலோ, கணுக்கால் மொட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்கு முன் எண்ணெய் போட்டு உருவிவிடவோ இழுத்துவிடவோ கூடாது. எலும்பில் விரிசல் இருந்தால் விலகிவிடும்.

ஊர் திரும்பிய பிறகு படி இறங்க மூன்று நாள் சிரமப்படுவது இயல்பு. மெல்ல நடங்கள், தூங்குங்கள். ஐந்தாறு நாளில் சரியாகிவிடும். தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது வேறு: சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே, இரவானாலும், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய், எத்தனை மணி நேரம் நடந்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.