சைக்கிளைக் கொடுத்துவிடும் முன் சீட்டைப் பாருங்கள்

என் பிசியோதெரபி அறைக்கு முட்டி வலியோடு இந்த மாதத்தில் வந்த நான்காவது ஆள். 58 வயது. உட்கார்ந்ததும் எக்ஸ்ரே உறையை மேசையில் வைத்துவிட்டு, "சைக்கிளை யாருக்காவது குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். முட்டியின் முன்பக்கம் வலி. "தேய்மானம், இனி ஓட்டினா மிச்சமும் தேஞ்சிடும்" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், மாலைச் சுற்றல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு பூங்காவுக்குப் போவது நின்றது. குடியிருப்பின் நாடகக் குழு ஒத்திகைக்கும் சைக்கிளில்தான் போவாராம், அதுவும் நின்றது. மூன்று மாதமாக வீட்டுச் சோபாதான். வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

"நாளைக்கு சைக்கிளையும் எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்றேன். உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி உட்காரச் சொன்னேன். இரண்டு உள்ளங்கால்களும் தரையில் பாய் விரித்தாற்போலப் பதிந்தன. எனக்கு அந்த எக்ஸ்ரேயே தேவைப்படவில்லை.

சீட்டில் உட்கார்ந்தபடியே கால் முழுதாக ஊன்ற வேண்டும் என்று யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ! அவ்வளவு தாழ்ந்த சீட்டில் முட்டியை அதிகமாக மடக்கி மிதித்தால் முட்டிச் சில்லு வலிக்காமல் என்ன செய்யும்?

சரி, இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லுக்கு வருவோம். முட்டியில் இருக்கும் குருத்தெலும்பு டயர் ரப்பர் இல்லை, உருளும் கிலோமீட்டருக்கு ஏற்பத் தேய்வதற்கு. அது உயிருள்ள திசு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் ஊட்டம் கிடைக்கிறது. பஞ்சை அழுத்திவிட்டு விட்டால் தண்ணீரை உறிஞ்சுமே, அதுபோல எடை ஏறி இறங்கும்போது திரவம் உள்ளே போய் வருகிறது. அசைக்காமல் வைத்தால் சாப்பாடு குறைகிறது, தொடைத் தசையும் இளைக்கிறது. இன்னொன்று, ஐம்பதைத் தாண்டிய பலருக்கு எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும், வலி துளியும் இருக்காது. படத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

செயற்கை முட்டிக்குள்ளேயே உணரியை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டியில் உடல் எடையைப்போல் சுமார் 2.5 மடங்கு விழுகிறது. படி இறங்கினால் 3 மடங்குக்கு மேல். மிதமாக சைக்கிள் மிதித்தால் சுமார் 1.2 மடங்கு. இந்த அம்மா முட்டியைக் காப்பாற்ற சைக்கிளை நிறுத்திவிட்டு, தினமும் இரண்டு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்!

சீட்டு உயரம் பார்ப்பது ஒரு நிமிட வேலை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள், அப்புறம் முட்டியின் பின்பக்கம் வலிக்கும். ஒரே நாளில் ஏற்றாமல் ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றுங்கள். சீட்டுக் கம்பியில் எல்லைக் கோடு இருக்கும், அது வெளியே தெரியக் கூடாது. நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கிக் காலை ஊன்றுங்கள். கியர் இருந்தால் லேசானதில் வைத்து வேகமாக மிதியுங்கள். கனமான கியரில் நின்று மல்லுக்கட்ட வேண்டாம். ஹெல்மெட், பின்விளக்கு பற்றியெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

(மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகிறது, இதயமோ என்று பயந்து சிலர் வருகிறார்கள். ஓட்டும்போது மட்டும் வந்தால், பெரும்பாலும் ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்துவதுதான். பிடியை அடிக்கடி மாற்றுங்கள். நெஞ்சில் வலியோ இறுக்கமோ சேர்ந்து வந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.)

முட்டி வீங்கினாலோ, பாதியில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ என்னிடம் வராதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள்.

மற்றவர்கள் தயவுசெய்து வெளியே வாருங்கள். வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடல் உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒத்திகைக்குப் போக 15 நிமிடம், வர 15 நிமிடம். ஒத்திகை மூன்று நாள், ஊர்சுற்றல் இரண்டு நாள் என்று வைத்தாலே 150 ஆகிவிட்டது. இடைவெளி விட்டவர்கள் சமதரையில் 10 நிமிடத்தில் தொடங்குங்கள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள்.

அந்த அம்மாவின் சீட்டு இப்போது 5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. போன வாரம் வேறொரு கவலையோடு வந்தார். நாடகத்தில் மண்டியிட்டு அழும் காட்சியாம், மேடையோ வெறும் பலகை. "இயக்குநர் நாற்காலி தரமாட்டேங்கறார் டாக்டர்." டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று எத்தனை முறைதான் சொல்வது! முட்டிக்கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னேன், அரங்கேற்றத்தன்று மட்டுமல்ல, ஒத்திகையிலும். உடைக்குள் வெளியே தெரியாதா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினார்.