பிராங்க் தளபதிக்கு ‘ழான்’ என்று பெயர் வைக்காதீர்கள்

வரலாற்று ஸ்ட்ராடஜி கேம்களுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்துக் கொடுப்பதும், அந்தக் காலத்து வழக்கங்களை விளையாட்டு விதிகளாக மாற்றித் தருவதும் என் வேலை. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஸ்டுடியோவில் பாதி முடிந்திருந்த கேம் ஒன்றை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். கதை தொடங்குவது கி.பி. 486இல். வடக்கு கோல் (இன்றைய பிரான்ஸ்) பகுதியில் ரோமானியர் கையில் மிச்சமிருந்த நிலத்தை பிராங்குகள் சுவாசோனில் ஜெயித்து எடுத்துக்கொண்ட ஆண்டு அது. மேப் அழகாக இருந்தது. ஆற்றங்கரைக் காடுகளைக்கூடக் கவனமாக வரைந்திருந்தார்கள். ஆனால் பிராங்க் தளபதியின் படத்துக்குக் கீழே ‘ழான் பியேர்’ என்று எழுதியிருந்தது.

பட்டியல் போட்ட தம்பியிடம் கேட்டேன். “பிராங்க்னா பிரான்ஸ்தானே சார், பிரெஞ்சுப் பேர் லிஸ்ட் ஒண்ணு கிடைச்சது, அதைப் போட்டுட்டேன்” என்றார்.

அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். பெயர்களைக் கடைசி வாரத்தில் யாராவது நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது இந்தத் தொழிலில் ரொம்ப சகஜம். அந்த வழக்கம் மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ழான் என்பது யோவான், பியேர் என்பது பேதுரு. இரண்டும் பைபிள் வழியாக வந்த பெயர்கள். 486இல் பிராங்குகளின் அரசன் கிளோவிஸ் இன்னும் ஞானஸ்நானமே பெறவில்லை. ரைன் ஆற்றங்கரையிலிருந்து வந்த அந்த மக்கள் பேசியது ஜெர்மானிய மொழி. இன்றைய டச்சுக்கும் ஜெர்மனுக்கும் நெருங்கிய சொந்தம். நாடு இவர்கள் பெயரை எடுத்துக்கொண்டது, பேச்சை மட்டும் லத்தீனிலிருந்து வளர்த்துக்கொண்டது. இந்தப் பெயர் நம் ஊர் வரைக்கும்கூட வந்திருக்கிறது. அரபியரும் பாரசீகரும் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் பிராங்க் என்பதிலிருந்து ‘ஃபரங்கி’ என்று கூப்பிட்டார்கள். அதுதான் இங்கே போர்ச்சுகீசியர் வந்தபோது ‘பறங்கி’ ஆகி, பறங்கிப்பேட்டையிலும் பறங்கிக்காயிலும் ஒட்டிக்கொண்டது.

சரி, உண்மையான பிராங்க் பெயர் எப்படி இருக்கும்? பெரும்பாலானவை இரண்டு துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. ‘ஹ்லோட்’ என்றால் புகழ், ‘விக்’ என்றால் போர். சேர்த்தால் ஹ்லோடோவிக், அதாவது கிளோவிஸ். ‘சிகி’ வெற்றி, ‘பெர்ட்’ ஒளி, சிகிபெர்ட். ‘குந்த்’ போர், ‘ஹ்ராம்ன்’ அண்டங்காக்கை, குந்த்ராம். ‘தியூட்’ மக்கள், ‘ரிக்’ ஆள்பவன், தியூடரிக். இரண்டாவது துண்டு ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். ரிக், பெர்ட், வால்ட், மர் என்று முடிந்தால் ஆண். ஹில்ட், குந்த், ட்ரூட், பெர்கா என்று முடிந்தால் பெண். புரோக்ராமர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? இரண்டு பத்தி ஸ்ப்ரெட்ஷீட் போதும், ஆயிரக்கணக்கில் பெயர் கிடைக்கும்.

ஆனால் அர்த்தம் பார்த்துச் சேர்க்காதீர்கள். அந்த மக்களே அப்படிச் சேர்க்கவில்லை. ஹில்டகுந்த் என்ற பெயரில் இரண்டு பாதிக்கும் போர் என்றுதான் பொருள். ‘போர்ப்போர்’ என்று மகளுக்குப் பெயர் வைக்க யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். துண்டு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். கிளோவிஸின் மகன் க்ளோடோமர். அவன் மனைவி குந்தியூகா. பிள்ளைகள் மூவர்: தியூடோவால்ட், குந்தார், க்ளோடோவால்ட். மூன்றாமவன் பெயரின் முதல் பாதி அப்பாவுடையது. இரண்டாமவன் பெயரில் இருப்பது அம்மாவின் ‘குந்த்’. பெயரைக் கேட்டதுமே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். ஆகவே உங்கள் கேமில் குழந்தை பிறக்கும்போது பெயரைக் குருட்டாம்போக்கில் எடுக்க விடாதீர்கள். தாய் தந்தை இருவர் பெயரிலிருந்தும் ஆளுக்கொரு துண்டு வரட்டும். ஆட்டக்காரர் ஐம்பது டர்ன் தாண்டிய பிறகும், குடும்ப மரத்தைத் திறந்து பார்க்காமலே உறவைக் கண்டுபிடிப்பார். பிளேடெஸ்டில் ஒருவர் எதிரிப் படைத்தலைவன் பெயரைப் பார்த்துவிட்டு “இது என் தங்கை பையன் இல்ல?” என்று நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய லத்தீன் ஏடுகளில் இந்தப் பெயர்களின் முன்னால் வரும் மூச்சொலியை ஒரு கனமான ‘க்’ போல எழுதினார்கள். நாள் போகப் போக அது ‘ஹ்’ ஆகி, அப்புறம் காணாமலே போய்விட்டது. 6ஆம் நூற்றாண்டின் க்ளோதர், 9ஆம் நூற்றாண்டில் ஹ்லோதர், பிறகு லோதர். ஹ்லோடோவிக்தான் ஜெர்மனில் லுட்விக், பிரெஞ்சில் லூயி. பிரான்ஸின் லூயி மன்னர்கள் அத்தனை பேரும் கிளோவிஸின் பெயரைத்தான் தேய்ந்த வடிவில் சுமந்தார்கள். எனவே உங்கள் கேம் எந்த நூற்றாண்டில் நடக்கிறதோ அந்த நூற்றாண்டின் வடிவத்தையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திரையில் க்ளோதரும் லூயியும் அண்ணன் தம்பியாக நிற்கக் கூடாது.

இப்போது அந்த மூன்று பிள்ளைகளிடம் திரும்பி வருகிறேன். அவர்கள் கதையில்தான் எனக்குப் பிடித்த விளையாட்டு விதி இருக்கிறது. க்ளோடோமர் 524இல் போரில் செத்துப்போனான். பிள்ளைகளைப் பாட்டி க்ளோதில்டு வளர்த்தாள். சித்தப்பன்மார் இருவருக்கும் அண்ணன் பங்கு நிலத்தின் மேல் கண். பட்டம் கட்டப்போகிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளை வரவழைத்துக்கொண்டு, பாட்டியிடம் ஓர் ஆளை அனுப்பினார்கள். அவன் கையில் ஒரு கத்தரிக்கோல், உருவிய வாள் ஒன்று. பிள்ளைகள் முடி வெட்டப்பட்டு வாழட்டுமா, இல்லை சாகட்டுமா என்பது கேள்வி. அரசாள முடியாவிட்டால் முடியிழந்து நிற்பதைவிடச் செத்துக் கிடப்பதே மேல் என்று துக்கத்தில் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. பத்து வயதுப் பையனையும் ஏழு வயதுப் பையனையும் சித்தப்பன்மாரில் ஒருவனான க்ளோதர் தன் கையாலேயே கொன்றான். தூர் நகரத்து ஆயர் கிரிகோரி இதை அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். தப்பித்தவன் க்ளோடோவால்ட் மட்டும். தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான். பாரிஸை ஒட்டிய சேன் க்ளூ என்ற ஊரின் பெயரில் இருப்பது அவன்தான்.

கிளோவிஸின் குலமான மெரோவிங்கிய அரச குலத்தில் வெட்டாத நீண்ட முடிதான் அரசுரிமையின் அடையாளம். இதை விதியாக்கிப் பாருங்கள். போட்டியாளனைக் கொன்றால் காரியம் முடிந்தது, ஆனால் சொந்த ரத்தத்தைச் சிந்திய பழி உங்கள் மேல் நிற்கும். முடியை வெட்டி மடத்தில் விட்டால் பழி இல்லை, ஆனால் முடி வளரும். இத்தனை டர்ன் கழித்து அவன் திரும்பி வரலாம். இது என் கற்பனை இல்லை. 715 வாக்கில் அரச குலத்து ஆண் வாரிசு தேடிய பிராங்குகள், டேனியல் என்ற மதகுரு ஒருவரைக் கண்டுபிடித்து, முடி வளர்ந்ததும் அரசனாக்கினார்கள். பெயரையும் கில்பெரிக் என்று மாற்றினார்கள். டேனியல் பெயரில் அரசாள முடியாது. அந்தக் குலத்தின் கடைசி அரசன் மூன்றாம் கில்டெரிக்கை, அரண்மனைத் தலைமை அதிகாரியாக இருந்து அரசைக் கைப்பற்றிய பிப்பின் 751இல் என்ன செய்தான்? முடியை வெட்டி மடத்துக்கு அனுப்பினான்.

பிப்பின் வீட்டுக்கு நீண்ட முடி இல்லை, பழைய அரச ரத்தமும் இல்லை. அவன் மகன் சார்லமேனுக்கு 778இல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தபோது வைத்த பெயர்களைக் கவனியுங்கள்: லூயி, லோதர். அதாவது ஹ்லோடோவிக், ஹ்லோதர். தன் குடும்பத்தில் அதுவரை இல்லாத, தன் அப்பா இருக்கையை விட்டு இறக்கிய குலத்தின் பெயர்கள். ‘நாங்கள்தான் இனி அவர்கள்’ என்று தொட்டிலிலிருந்தே சொல்லியாயிற்று. குழந்தைக்குப் பெயரிடும் திரையில் இந்தத் தேர்வைக் கொடுத்தால் போதும். குலப் பெயரை வைத்தால் உரிமை கூடும், பழைய குடும்பங்களின் சந்தேகமும் கூடும்.

அடுத்தது பாகப்பிரிவினை. பிராங்க் அரசன் செத்தால் நாடு பிள்ளைகளுக்குப் பிரிந்துவிடும். பல டிசைனர்கள் இதை ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் தண்டனையாக வைக்கிறார்கள். முக்கால்வாசி நிலம் கையை விட்டுப் போகும், கோபத்தில் ஆள் கேமை மூடிவிட்டுப் போவார். எனக்கு இதில் உடன்பாடில்லை. 511இல் கிளோவிஸ் இறந்தபோது நான்கு பிள்ளைகளும் ரீம்ஸ், ஓர்லியான், பாரிஸ், சுவாசோன் என்று நான்கு தலைநகரங்களில் உட்கார்ந்தார்கள். நான்கும் வடக்கில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் தெற்கே அக்விடேனிலும் தனித்தனியாகப் பங்கு இருந்தது. தன் வரியை வாங்கத் தம்பி நிலத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஆகவே சண்டையும் ராஜியும் ஒரே நேரத்தில் ஓடும். 567இல் பாரிஸை ஆண்ட கரிபெர்ட் இறந்ததும், மிச்சமிருந்த மூன்று சகோதரர்களும் அந்த நகரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. மற்றவர்கள் சம்மதமில்லாமல் ஒருவரும் உள்ளே நுழையக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். மேப்பின் நடுவில் அப்படி ஒரு நகரத்தை வைத்துப் பாருங்கள். யார் முதலில் சத்தியத்தை மீறுவது என்று எல்லோரும் காத்திருப்பார்கள். ஒரு அம்பு எய்யாமல் ஒரு மணி நேரம் ஆட்டம் சூடாகப் போகும்.

போர் இல்லாத டர்ன்களுக்கும் சரக்கு இருக்கிறது. பிராங்குகளின் பழைய சட்டத் தொகுப்பான சாலிக் சட்டம் கொலைக்கு விலை வைத்திருந்தது. சுதந்திரமான பிராங்க் ஒருவனைக் கொன்றால் 200 சொலிதி (ரோமானியப் பொற்காசு), நிலமுள்ள ரோமானியன் என்றால் 100, அரசனின் மெய்க்காவல் குழுவைச் சேர்ந்தவன் என்றால் 600. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கும் 600. பழிவாங்கும் சண்டையைத் தொடர்வதா, பணம் கட்டி நிறுத்துவதா என்ற கேள்வியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வைக்கலாம். கட்டப் பணம் இல்லாதவனுக்கு ஒரு சடங்கு உண்டு. தன்னிடம் இனி ஒன்றும் இல்லை என்று பன்னிரண்டு பேர் சாட்சியோடு சத்தியம் செய்துவிட்டு, வீட்டின் நான்கு மூலையிலிருந்தும் மண்ணை அள்ளுவான். வாசற்படியில் வீட்டுக்குள் பார்த்தபடி நின்று, இடது கையால் தோளுக்குப் பின்னே நெருங்கிய உறவினர் மேல் அதை எறிவான். பிறகு இடுப்புக் கச்சை இல்லாமல், வெறுங்காலோடு, கையில் ஒரு கம்புடன் வேலியைத் தாண்டிக் குதித்துப் போவான். அந்த நொடியிலிருந்து கடன் சொந்தக்காரர்களுடையது. பத்து விநாடி அனிமேஷன் போதும். ஒரு குலத்தின் கௌரவம் மண்ணாய்க் கொட்டுவதை ஆட்டக்காரர் மறக்கவே மாட்டார்.

படைக்கு வருவோம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாடியவர்களுக்கு பிராங்க் என்றால் கோடரி எறியும் வீரன்தான். அந்த எறிகோடரி பழைய கல்லறைகளில் கிடைத்திருக்கிறது, ஆனால் அது 5, 6ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். சார்லமேன் படைக்குக் கேட்டது ஈட்டி, கேடயம், இரண்டு நாண் உள்ள வில், 12 அம்பு. ஆட்களைத் திரட்டிய விதம் இன்னும் அருமை. ஒரு குடும்பம் உழுது பிழைக்கும் அளவு நிலத்தை மான்ஸஸ் என்றார்கள். 808 ஆணைப்படி நான்கு மான்ஸஸ் வைத்திருப்பவன் தானே புறப்பட வேண்டும். மூன்று வைத்திருப்பவன், ஒன்று வைத்திருப்பவனோடு சேர்ந்துகொள்ள வேண்டும். ஒருவன் போவான், மற்றவன் செலவுக்கு உதவுவான். இரும்புச் சட்டை போட 12 மான்ஸஸ் வேண்டும். பட்டறை கட்டி, பொத்தானை அழுத்தி வீரனை வரவழைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, நிலத்தைப் பங்கிட்டால்தான் படை என்று வைத்துப் பாருங்கள். மடத்துக்கு நீங்கள் தானமாகக் கொடுத்த ஒவ்வொரு வயலும் படையில் ஓர் இடைவெளியாகத் தெரியும்.

டர்ன்களுக்குப் பெயரும் அங்கேயே இருக்கிறது. மாதங்களுக்கு சார்லமேன் தன் மொழியிலேயே வைத்த பெயர்களை அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறித்திருக்கிறார். ஜூலை ஹெவிமானோத், வைக்கோல்புல் அறுக்கும் மாதம். அக்டோபர் விண்டுமமானோத், திராட்சை பறிக்கும் மாதம். திரையின் மூலையில் இதை எழுதினாலே பருவம் புரிந்துவிடும்.

கடைசியாக, எல்லாப் பட்டியலிலும் நான் திருத்த வேண்டியிருக்கும் ஒரு விஷயம். பிராங்க் நாட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பிராங்குகள் இல்லை. ஆயர்களும் தெற்கத்திய பெருநிலக்காரர்களும் பெரும்பாலும் ரோமானியக் குடும்பம். கிரிகோரியின் முழுப்பெயர் கியோர்கியஸ் ஃப்ளோரென்டியஸ் கிரிகோரியஸ். இரண்டு வழக்கமும் கலந்த இடங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஷாம்பெயின் பகுதியின் கோமகன் பெயர் லூபஸ், லத்தீனில் ஓநாய். மகனுக்கு அவர் வைத்த பெயர் ரோமுல்ஃப். அதில் வரும் ‘உல்ஃப்’ பிராங்க் மொழி ஓநாய், முன்னால் நிற்பது ரோம். பையன் பின்னாளில் ரீம்ஸின் ஆயரானான். என் ஸ்ப்ரெட்ஷீட்டில் மூன்றாவது பத்தி ஒன்றைச் சேர்த்தது அந்த ரோமுல்ஃபுக்காகத்தான்.