அப்பா பக்கத்து அத்தையை விட்டுவிடாதீர்கள்

"குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா?" என்று கேட்டால், கிளினிக்குக்கு வரும் பெண்களில் பலர் அம்மா, அம்மாச்சி, பெரியம்மா என்று எண்ணிப் பார்த்துவிட்டு "இல்லை" என்பார்கள். அப்பா பக்கம் நினைவுக்கே வராது.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்கள் எல்லோருக்கும் உண்டு. உடைந்த டிஎன்ஏவைச் செப்பனிடுவது அவற்றின் வேலை. அதில் ஒன்று பழுதாகப் பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். சூலகப் புற்றுநோய்க்கு முதலாவதில் 44, இரண்டாவதில் 17 சதவீதம். பழுது அப்பா வழியாகவும் வரும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. அப்பாவுக்கு ஒன்றும் வராமலே அவருடைய அக்காவுக்கும் மகளுக்கும் வரலாம். ஆனாலும் மார்பகப் புற்றுநோய்களில் 100க்கு 5 முதல் 10 வரைதான் இப்படிப் பரம்பரையில் வருபவை. குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்று கட்டியை அலட்சியப்படுத்த முடியாது.

ஒரு தாளில் மூன்று தலைமுறையை எழுதுங்கள்: என்ன புற்றுநோய், எத்தனை வயதில், ஒரு மார்பிலா இரண்டிலுமா. நம் முறைப்பெயர்கள் இங்கே காலை வாரும். அப்பாவின் தங்கையும் அத்தை, மாமாவின் மனைவியும் அத்தை, மாமியாரும் அத்தை. கணக்கில் வருவது இரத்த உறவு மட்டுமே. சொந்தத்துக்குள் கல்யாணம் கட்டிய குடும்பத்தில் ஒரே ஆள் இரண்டு பக்கமும் வருவார், இருவராக எண்ணிவிடாதீர்கள். "வயிறு ஊதிச் செத்தாங்க" என்று பெரியவர்கள் சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். சூலகப் புற்றுநோயாக இருந்திருக்கலாம், ஈரல் நோயாகவும் இருந்திருக்கலாம்.

இன்னொரு சிக்கல் இலங்கையின் மலையகத்துக்கே உரியது. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பல குடும்பங்கள் இரண்டாக அறுந்தன. ஹட்டனில் இருப்பவரின் அத்தை கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருப்பார். அங்கே யாருக்கு என்ன வந்தது என்று வாட்ஸ்அப்பில் கேட்டால்தான் தாள் நிரம்பும்.

50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், இரண்டு மார்பிலும் நோய், எந்த வயதிலும் சூலகப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாளோடு வாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் தொடங்கலாம். அங்கே முக்கியமாக 35, 45 வயதுப் பெண்களையே அழைப்பார்கள். அம்மாவுக்கு 38இல் வந்திருந்தால் மகள் 35 வரை காத்திருக்கக் கூடாது. பத்து வருடம் முந்தி, 28இலேயே கண்காணிப்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.

மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் இரத்தம் போதும். யாருடைய இரத்தம் என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் முதலில் அவருக்கே செய்ய வேண்டும். சுகமாக இருக்கும் மகளுக்கு மட்டும் செய்து "பழுதில்லை" என்று வந்தால், அவர் தப்பித்தாரா, குடும்பத்துப் பழுதே வேறா என்று சொல்ல முடியாது.

சில அறிக்கைகளில் "பொருள் தெளிவற்ற மாற்றம்" என்றிருக்கும். மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது நோய் தருமா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்பதே இதன் பொருள். ஒப்பிடும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியருடையது என்பதால் தெற்காசியருக்கு இந்த முடிவு கூடுதலாக வருகிறது. இதை வைத்து மார்பையோ சூலகத்தையோ அகற்றக் கூடாது. அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். சில வருடங்களில் இதே மாற்றம் "தீங்கற்றது" என்று திருத்தப்படுவதே அதிகம்.